பழைய லேப்டாப், புது ஜாய்ஸ்டிக்... கோளாறு எங்கே இருக்கிறது?

தளவாய்புரம் என்றாலே நைட்டிதான். ராஜபாளையத்தை அடுத்த இந்த ஊரில் தையல் மெஷின் சத்தம் கேட்காத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஒரு வீட்டில் துணி வெட்டுவார்கள், பக்கத்து வீட்டில் ஓவர்லாக் அடிப்பார்கள், எதிர்வீட்டுத் திண்ணையில் பிசிறு நறுக்கி, மடித்து, பேக் செய்வார்கள். இப்படிப்பட்ட ஊரில் கம்ப்யூட்டர் வீட்டுக்குள் வந்ததும் தொழிலின் கையைப் பிடித்துக்கொண்டுதான். பில் போட, டேலியில் கணக்கு எழுத என்று வாங்கிய மேஜைக் கம்ப்யூட்டர் ஒன்று. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு, அது இல்லாமல் பிழைப்பு ஓடாது என்றாகிவிட்டது. இன்னொன்று, பிளஸ் டூ படித்த அண்ணனுக்கோ அக்காவுக்கோ அரசு கொடுத்த இலவச லேப்டாப்.

அந்த லேப்டாப் திட்டம் தொடங்கிய நாள் 2011 செப்டம்பர் 15. எல்காட் மூலம் கொள்முதல் செய்யப்பட்டு, அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்கள் கைக்கு லட்சக்கணக்கில் போய்ச் சேர்ந்தது. அன்று அதை வாங்கியவர்களில் பலருக்கு இன்று பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளே இருப்பார்கள். லேப்டாப் மட்டும் பீரோ மேல் துணிப்பைக்குள் தூங்கிக்கொண்டிருக்கும். பேட்டரி எப்போதோ போயிருக்கும். சார்ஜரைச் செருகினால்தான் உயிர் வரும். ஆனாலும் வரும்.

லீவு விட்டதும் வீட்டுச் சிறுசுகளின் கண் அதன்மேல்தான் விழுகிறது. செல்போனைக் கொடுத்தால் கொடுத்ததுதான், திரும்பி வராது என்று பயப்படும் அம்மாக்களுக்கும் இது தோதான ஏற்பாடு. லேப்டாப் என்றால் கூடத்தில், எல்லோர் கண் முன்னாலும் இருக்குமே! அடுத்து வரும் கோரிக்கை, ஜாய்ஸ்டிக். கடைக்காரர்கள் கேம்பேட் என்றும் கன்ட்ரோலர் என்றும் சொன்னாலும், இரண்டு கைக்குள் அடங்கும் அந்தப் பொருளுக்கு நம் ஊரில் ஜாய்ஸ்டிக் என்றுதான் பெயர். ஐந்நூறு ரூபாய்க்கும் கிடைக்கிறது, இரண்டாயிரத்துக்கும் கிடைக்கிறது. ஆன்லைனில் ஆர்டர் போட்டு, பார்சல் வந்து, ஆசை ஆசையாகச் செருகினால்... ஒன்றுமே நடக்காது.

இந்த இடத்தில்தான் குடும்பங்கள் தப்பு முடிவு எடுக்கின்றன. 'பீஸ் ஃபால்ட்டு' என்று நல்ல பொருளைத் திருப்பி அனுப்புகிறார்கள். அல்லது, 'லேப்டாப் ரொம்பப் பழசு, புதுசு வாங்குங்கள்' என்று யாரோ சொல்வதை நம்பிவிடுகிறார்கள். இரண்டையும்விட மோசமான மூன்றாவது ஒன்று உண்டு. பையன் இணையத்தில் 'ஜாய்ஸ்டிக் டிரைவர்' என்று தேடி, முதலில் கண்ணில் படுவதை டவுன்லோடு செய்துவிடுகிறான். கணக்கு எழுதும் கம்ப்யூட்டரும் அதுவாகவே இருந்தால், விளையாட்டு வினையாகிவிடும். அதைப் பற்றிப் பிறகு.

உண்மையில், பத்துப் பன்னிரண்டு வருடப் பழைய கம்ப்யூட்டருக்கு ஒரு ஜாய்ஸ்டிக் பெரிய சுமையே இல்லை. மவுஸ், கீபோர்டைப் போல அதுவும் ஒரு சின்ன யுஎஸ்பி பொருள், அவ்வளவுதான். கோளாறு பெரும்பாலும் வயதில் இல்லை, பாஷையில் இருக்கிறது.

இரண்டு பாஷை பேசும் பெட்டி

கம்ப்யூட்டரில் ஜாய்ஸ்டிக் என்பது இன்று நேற்று வந்ததல்ல. 1981-ல் வந்த முதல் ஐபிஎம் பி.சி-க்கே அதற்கென்று தனி அட்டை இருந்தது. பிறகு சவுண்டு கார்டிலேயே 15 ஓட்டை கொண்ட 'கேம் போர்ட்' வந்தது. நம் ஊரில் 1990-களில் டி.வி-யில் மாட்டி விளையாடிய வீடியோ கேம் பெட்டியின் ஜாய்ஸ்டிக்குக்கோ 9 ஊசி பிளக். அதைக் கம்ப்யூட்டரின் பின்பக்கமிருந்த சீரியல் போர்ட்டில் செருகிப் பார்த்த கைகள் தமிழ்நாட்டில் நிறைய இருக்கும். பொருந்தும். வேலைதான் செய்யாது. பரணில் அப்படி ஏதாவது கிடந்தால் ஆசைப்பட வேண்டாம். 15 ஊசி கேம் போர்ட்டையும் விண்டோஸ் விஸ்டாவோடு மைக்ரோசாஃப்ட் கைகழுவிவிட்டது.

இன்றைக்கு விற்பதெல்லாம் யுஎஸ்பி. பிளக் ஒன்றாகிவிட்டது, ஆனால் பாஷை இரண்டாகிவிட்டது. விண்டோஸ் 95 காலத்திலிருந்து வருவது 'டைரக்ட்இன்புட்'. இதில் ஜாய்ஸ்டிக் தன் பட்டன்களை 1, 2, 3 என்று எண்ணாக மட்டும் சொல்லும். எந்த எண் எந்தப் பட்டன் என்பது தயாரிப்பாளர் இஷ்டம். ஒருவர் 1 என்று வைத்ததை இன்னொருவர் 3 என்று வைப்பார். அதனால் ஒவ்வொரு கேமிலும் 'இது அடிப்பதற்கு, இது ஓடுவதற்கு' என்று நாமே உட்கார்ந்து ஒதுக்க வேண்டும்.

2005-ல் எக்ஸ்பாக்ஸ் 360 வந்தபோது அதோடு சேர்ந்து பிறந்தது இரண்டாவது பாஷை, 'எக்ஸ்இன்புட்'. இதில் எல்லாமே முன்கூட்டியே பேசி முடித்தது. ஏ, பி, எக்ஸ், ஒய் என நான்கு பட்டன், இரண்டு ஸ்டிக், விரல் நுனியில் இரண்டு டிரிக்கர். செருகினால் போதும், ஒதுக்கும் வேலையே கிடையாது. கேம் தயாரிப்பவர்களுக்கு இது வசதியாகப் போய்விட்டதால், பிறகு வந்த பல கேம்கள் இந்தப் பாஷையை மட்டுமே கேட்க ஆரம்பித்தன.

ஆக, பழைய பாஷை மட்டும் தெரிந்த கேமிடம் புதுப் பாஷை பேசும் ஜாய்ஸ்டிக்கைக் கொடுத்தாலும், புது கேமிடம் பழைய ஜாய்ஸ்டிக்கைக் கொடுத்தாலும் சிக்கல்தான். லேப்டாப் மேல் பழியைப் போடுவதற்கு முன் இதைத்தான் பார்க்க வேண்டும். நல்ல செய்தி என்னவென்றால், இன்று கடையில் விற்கும் ஜாய்ஸ்டிக்குகளில் பலவற்றுக்கு இரண்டு பாஷையும் தெரியும். மாற்றுவதற்குத்தான் ஒரு சுவிட்ச்சோ பட்டனோ இருக்கிறது. அது நமக்குத் தெரிவதில்லை. அட்டைப் பெட்டியோடு வரும் துண்டுக் காகிதத்தை யார் படிக்கிறார்கள்? பார்சல் பிரித்த வேகத்தில் அது குப்பைக்குப் போயிருக்கும்.

முதல் சந்தேகம் கேபிள் மேல்

பாஷைக்குப் போகும் முன், மின்சாரமும் கம்பியும் சரியா என்று பார்த்துவிடுவது நல்லது. பாதிக் கதை இங்கேயே முடிந்துவிடும்.

வயர் பொருத்தப்பட்டே வரும் ஜாய்ஸ்டிக் என்றால் பிரச்னை குறைவு. கழற்றி மாட்டும் கேபிள் உள்ளது என்றால், பெட்டியில் வந்த கேபிளையே பயன்படுத்துங்கள். வீட்டில் கிடக்கும் செல்போன் கேபிள்களில் பல, சார்ஜ் ஏற மட்டும்தான் உதவும். தகவல் போகும் கம்பிகள் உள்ளேயே இருக்காது. ஜாய்ஸ்டிக்கில் லைட் எரியும், லேப்டாப்புக்கு ஒன்றும் தெரியாது. சந்தேகமாக இருந்தால் அதே கேபிளில் போனை மாட்டிப் பாருங்கள். போனில் உள்ள போட்டோக்கள் கம்ப்யூட்டரில் தெரிந்தால் கேபிள் நல்ல கேபிள்.

அடுத்து, எந்த ஓட்டையில் செருகுகிறோம் என்பது. பில் போடும் மேஜைக் கம்ப்யூட்டர் என்றால், முன்பக்க யுஎஸ்பி வேண்டாம். பல வருடம் பென் டிரைவ் செருகிச் செருகி அது தளர்ந்து போயிருக்கும். பின்பக்கம், நேராக மதர்போர்டில் இருக்கும் போர்ட்டில் மாட்டுங்கள். விண்டோஸ் 7 உள்ள இயந்திரத்தில் நீல நிற போர்ட் இருந்தால் அதைத் தவிர்த்துவிட்டுக் கறுப்பில் செருகிப் பாருங்கள். நீலம் என்பது பெரும்பாலும் யுஎஸ்பி 3. விண்டோஸ் 7-க்கு அதற்கான டிரைவர் தானாக வராது. யாராவது ஒருமுறை ஃபார்மட் செய்து, அந்த டிரைவரைப் போடாமல் விட்டிருந்தால் நீல ஓட்டை செத்த ஓட்டைதான்.

நாலு ஓட்டை உள்ள 'ஹப்' வழியாக மாட்டுபவர்களுக்கு ஒரு தனி அனுபவம் உண்டு. எல்லாம் நன்றாகப் போகும். கார் மோதி, ஜாய்ஸ்டிக் 'டர்ர்ர்' என்று அதிரும் நேரம் பார்த்து இணைப்பு அறுந்துவிடும். அதிர்வுக்கு உள்ளே சின்ன மோட்டார் ஓடுகிறது, அது கூடுதல் மின்சாரம் கேட்கும். யுஎஸ்பி 2 போர்ட் ஒன்று தருவதே 500 மில்லி ஆம்பியர். அதை மவுஸ், கீபோர்டு, பென் டிரைவ் என்று நான்கு பேர் பங்கு போட்டால் எங்கே போவது? ஹப்பைக் கழற்றிவிட்டு நேரடியாக மாட்டினால் சரியாகிவிடும்.

கொஞ்ச நேரம் சும்மா வைத்துவிட்டுத் திரும்ப எடுத்தால் ஜாய்ஸ்டிக் செத்துக் கிடக்கிறதா? மின்சாரம் மிச்சம் பிடிக்க விண்டோஸே அந்த யுஎஸ்பி போர்ட்டைத் தூங்க வைத்திருக்கலாம். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குள் போய், அட்வான்ஸ்டு செட்டிங்கில் 'யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்' என்பதை நிறுத்தி வைத்தால் போதும்.

ஆறு எழுத்து மந்திரம்

கீபோர்டில் விண்டோஸ் சின்னம் உள்ள பட்டனையும் 'ஆர்' எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். சின்னதாக ஒரு பெட்டி வரும். அதில் ஜே, ஓ, ஒய், ஒரு புள்ளி, சி, பி, எல் என்று ஆங்கிலச் சின்ன எழுத்தில் இடைவெளி விடாமல் அடித்து என்டர் தட்டுங்கள். விண்டோஸ் எக்ஸ்பி ஆனாலும் சரி, 7, 10 ஆனாலும் சரி, 'கேம் கன்ட்ரோலர்ஸ்' என்ற ஜன்னல் திறக்கும். எந்த சாஃப்ட்வேரும் போட வேண்டாம், இணையமும் வேண்டாம். ஆன்லைனில் வாங்கியதைத் திருப்பி அனுப்பக் கொடுக்கும் அவகாசம் சில நாள்தான். அதற்குள் பொருள் நல்லதா, கெட்டதா என்று தீர்மானிக்க இதைவிட நம்பகமான வழி கிடையாது.

அந்த ஜன்னலில் ஜாய்ஸ்டிக்கின் பெயர் வந்துவிட்டால், கேபிளும் போர்ட்டும் சரி என்று அர்த்தம். பெயரைத் தேர்ந்தெடுத்து 'பிராப்பர்ட்டீஸ்' போனால் சோதனைப் பக்கம் வரும். ஸ்டிக்கைச் சுற்றினால் திரையில் சின்னக் கூட்டல் குறி சுற்ற வேண்டும். ஒவ்வொரு பட்டனை அழுத்தும்போதும் ஒரு சிவப்பு வட்டம் எரிய வேண்டும். எல்லாம் எரிகிறதா? அப்படியானால் பொருளில் குறையில்லை, திருப்பி அனுப்பாதீர்கள். ஒரே ஒரு பட்டன் எவ்வளவு அழுத்தினாலும் எரியவில்லை என்றால், உடனே திருப்பி அனுப்புங்கள். அதை எந்த செட்டிங்கும் சரி செய்யாது.

அங்கே வரும் பெயரிலேயே பாஷையும் தெரிந்துவிடும். 'எக்ஸ்பாக்ஸ் 360 கன்ட்ரோலர்' என்று இருந்தால் ஜாய்ஸ்டிக் இப்போது எக்ஸ்இன்புட் பேசுகிறது. நீங்கள் வாங்கியது வேறு கம்பெனி பொருளாக இருந்தாலும் பெயர் இப்படித்தான் வரும், பயப்பட வேண்டாம். 'யுஎஸ்பி ஜாய்ஸ்டிக்', 'ஜெனரிக் யுஎஸ்பி' என்று பொதுப்பெயராக இருந்தால் டைரக்ட்இன்புட்.

மாற்றுவது எப்படி என்பது மாடலுக்கு மாடல் வேறுபடும். லாஜிடெக் எஃப்310-ன் அடிப்பக்கத்தில் எக்ஸ், டி என்று இரண்டு எழுத்துக்கு நடுவே ஒரு தள்ளு சுவிட்ச் இருக்கும். விலை குறைந்த பல மாடல்களில் நடுவிலுள்ள ஹோம் பட்டனையோ மோடு பட்டனையோ சில நொடிகள் அழுத்திப் பிடிக்க வேண்டும், விளக்கு எரியும் வரிசை மாறும். அழுத்திவிட்டு மேலே சொன்ன ஜன்னலை மூடித் திறந்து பாருங்கள். பெயர் மாறியிருந்தால் பாஷை மாறிவிட்டது. சிலவற்றில் ஆண்ட்ராய்டு போனுக்கென்று மூன்றாவது முகமும் உண்டு. தெரியாமல் அதில் மாட்டிக்கொண்டால் கம்ப்யூட்டரில் பட்டன்கள் தாறுமாறாக வேலை செய்யும். திரும்ப ஒருமுறை அழுத்திப் பிடிக்க வேண்டியதுதான்.

பழைய பிளேஸ்டேஷன் சாயலில் வரும் ஐந்நூறு ரூபாய் ஜாய்ஸ்டிக்கில் 'அனலாக்' என்று ஒரு பட்டன் நடுவில் இருக்கும். இது பாஷை மாற்றும் பட்டன் அல்ல. அதன் விளக்கு அணைந்திருந்தால் ஸ்டிக் வெறும் நான்கு திசை பட்டன் போல நடந்துகொள்ளும். 'ஸ்டிக்கை லேசாகச் சாய்த்தாலும் கார் முழுசாகத் திரும்பிவிடுகிறது' என்ற புகாரின் மூலம் இதுதான். ஒரு தட்டுத் தட்டி விளக்கை எரிய விடுங்கள்.

கேமின் வயதைக் கேளுங்கள்

ஜாய்ஸ்டிக் சரி, லேப்டாப்பும் சரி. அப்புறமும் கேமுக்குள் போனால் அசையவில்லையா? கேம் எந்த வருடத்தியது என்று பாருங்கள்.

நம் ஊர்ப் பையன்களின் நிரந்தரப் பிரியமான 'கிரிக்கெட் 07' வந்தது 2006 நவம்பரில். அதற்குப் பிறகு ஈஏ நிறுவனம் கிரிக்கெட் கேமே கொண்டுவரவில்லை. ரசிகர்கள்தான் புது வீரர்களையும் ஜெர்சிகளையும் சேர்த்துச் சேர்த்து அதை இன்றுவரை ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். 2003-ல் கம்ப்யூட்டருக்கு வந்த 'வைஸ் சிட்டி', 2005-ன் 'நீட் ஃபார் ஸ்பீட் மோஸ்ட் வான்டட்' எல்லாம் ஏறக்குறைய இந்தத் தலைமுறைதான். இவற்றுக்கு 'டி' பாஷைதான் தோது. கேமின் ஆப்ஷனுக்குள் போய் ஒருமுறை பட்டன்களை ஒதுக்கிவிட்டால் முடிந்தது. ('வைஸ் சிட்டி' 17 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று தரம் பிரிக்கப்பட்ட கேம் என்பதைப் பெற்றோர் தெரிந்துகொள்வது நல்லது. நான்காம் வகுப்புப் பிள்ளைகளின் லேப்டாப்பிலும் அது இருக்கிறது என்பதுதான் வேடிக்கை.)

இந்தப் பழைய கேம்களில் எக்ஸ் பாஷையை வைத்தே கார் ஓட்டினால் ஒரு வினோதம் நடக்கும். விரல் நுனியிலுள்ள இரண்டு டிரிக்கரையும் பழைய பாஷை ஒரே அளவுகோலின் இரு முனைகளாகத்தான் பார்க்கும். ஆக்ஸிலேட்டரையும் பிரேக்கையும் ஒன்றாக அழுத்தினால் ஒன்றை ஒன்று அடித்துவிட்டு, எதையுமே அழுத்தாதது போலாகிவிடும். டிரிக்கரை விட்டுவிட்டு, ஆக்ஸிலேட்டரைச் சாதாரணப் பட்டனுக்கு மாற்றிவிடுவதே எளிது.

2008 டிசம்பரில் வந்த 'ஜிடிஏ 4' போன்றவை நேர் எதிர். 'எக்ஸ்' இல்லாவிட்டால் திரும்பியே பார்க்காது. கையிலிருக்கும் ஜாய்ஸ்டிக்குக்குப் பழைய பாஷை மட்டும்தான் தெரியும் என்றால், நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். 'எக்ஸ்360சிஇ' என்ற இலவச மென்பொருள் அந்த வேலையைச் செய்கிறது. அதன் பழைய பதிப்பை கேமின் ஃபோல்டருக்குள்ளேயே, கேமைத் திறக்கும் ஃபைலுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். 32 பிட், 64 பிட் என்று இரண்டு உண்டு. இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். பார்க்க வேண்டியது விண்டோஸ் எத்தனை பிட் என்பதை அல்ல, கேம் எத்தனை பிட் என்பதை. பழைய கேம்கள் பெரும்பாலும் 32 பிட். ஒன்று வேலை செய்யவில்லை என்றால் மற்றதை வைத்துப் பாருங்கள். ஆன்லைனில் பிறரோடு போட்டி போடும் கேம்களில் மட்டும் இதைப் பயன்படுத்தாமல் இருப்பது நல்லது, ஏமாற்று மென்பொருள் என்று நினைத்துக் கணக்கை முடக்கிவிட வாய்ப்புண்டு.

சின்ன விஷயம், ஆனால் அடிக்கடி உதவும்: பழைய கேம்கள் திறக்கும்போது ஒருமுறைதான் ஜாய்ஸ்டிக் இருக்கிறதா என்று பார்க்கும். கேமைத் திறந்த பிறகு செருகினால் கண்டுகொள்ளாது. முதலில் செருகு, பிறகு திற. இரண்டு ஜாய்ஸ்டிக் மாட்டியிருந்து, கேம் தப்பானதைப் பிடித்துக்கொண்டால், அதே ஆறு எழுத்து ஜன்னலில் 'அட்வான்ஸ்டு' என்று ஒரு பட்டன் இருக்கும். பழைய புரோகிராம்களுக்கு எது வேண்டும் என்று அங்கே சொல்லிவிடலாம்.

டிரைவர் என்ற பெயரில் வரும் திருடன்

விண்டோஸ் 10-ல் எக்ஸ்இன்புட்டுக்கு வேண்டிய டிரைவர் கூடவே வருகிறது. விண்டோஸ் 7-ல்தான் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். டிவைஸ் மேனேஜரில் ஜாய்ஸ்டிக் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம் தெரிந்தால் டிரைவர் இல்லை என்று பொருள். மைக்ரோசாஃப்ட்டே எக்ஸ்பாக்ஸ் 360 கன்ட்ரோலருக்கென்று வெளியிட்ட டிரைவர்தான் இதற்குத் தேவை. அதைத் தேடி அலைய மனமில்லையா? ஜாய்ஸ்டிக்கை 'டி' பக்கம் தள்ளிவிடுங்கள். அதற்குத் தனி டிரைவரே வேண்டாம், விண்டோஸ் 7 தானாகவே புரிந்துகொள்ளும். பழைய கேம்களுக்கு அது தாராளமாகப் போதும்.

இது தெரியாமல்தான் பிள்ளைகள் இணையத்தில் இறங்குகிறார்கள். 'உங்கள் எல்லா டிரைவரையும் ஒரே நொடியில் புதுப்பிக்கிறோம்' என்று பச்சை நிறத்தில் பெரிய பட்டன் மின்னும். அழுத்தினால் டிரைவர் வருகிறதோ இல்லையோ, அழையா விருந்தாளிகள் கூட்டமாக வந்து உட்கார்ந்துகொள்வார்கள். விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு அப்டேட்களை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-ல் நிறுத்தியது. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ல் பொதுவான ஆதரவு முடிந்தது. பூட்டு துருப்பிடித்த வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வீட்டுக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. வெறும் பழைய லேப்டாப் என்றால் ஃபார்மட் செய்துவிட்டுப் போகலாம். ஆனால் நைட்டி வியாபாரக் கணக்கு, யார் யாருக்கு எத்தனை டஜன் போனது, எவ்வளவு பாக்கி, ஜி.எஸ்.டி. பில் எல்லாம் உள்ள கம்ப்யூட்டர் என்றால்? ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வகை வைரஸ் ஒன்று நுழைந்தால், ஐந்நூறு ரூபாய் ஜாய்ஸ்டிக் ஒரு வருட வசூலையே மறைத்துவிடும். கணக்குக் கம்ப்யூட்டரில் விளையாட விடாமல் இருப்பதே உத்தமம். வேறு வழியில்லை என்றால் இரண்டு காரியம் செய்யுங்கள். பிள்ளைக்கு 'ஸ்டாண்டர்டு யூசர்' என்று தனி அக்கவுன்ட் போட்டுக் கொடுத்து, அட்மின் பாஸ்வேர்டை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். எதை இன்ஸ்டால் செய்யப் போனாலும் உங்களைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். டேலி டேட்டாவை வாரம் ஒருமுறை பென் டிரைவில் எடுத்து, அந்த பென் டிரைவைக் கழற்றி பீரோவில் வையுங்கள். கம்ப்யூட்டரிலேயே செருகி வைத்திருந்தால் அதையும் சேர்த்தே பூட்டிவிடுவான்.

கேம் வாங்க, ஜாய்ஸ்டிக் பாஷையை மாற்ற என்று எல்லாவற்றுக்கும் கைகொடுத்து வந்த 'ஸ்டீம்' மென்பொருளும் 2024 ஜனவரி 1 முதல் விண்டோஸ் 7, 8-க்கு ஆதரவை நிறுத்திவிட்டது. பழைய லேப்டாப்பில் ஸ்டீம் திறக்கவில்லை என்றால் ஜாய்ஸ்டிக்கைக் குறை சொல்லிப் பயனில்லை.

இங்கேதான் அரசு லேப்டாப்பின் மறந்துபோன ஒரு பாதி ஞாபகத்துக்கு வருகிறது. ஆரம்ப காலத்தில் கொடுத்த லேப்டாப்களில் விண்டோஸோடு 'பாஸ் லினக்ஸ்' என்ற இந்தியத் தயாரிப்பும் இருந்தது. சி-டாக் உருவாக்கியது. வாங்கிய வேகத்தில் பலரும் அதை அழித்துவிட்டு, அந்த இடத்தில் சினிமாப் படங்களை நிரப்பினார்கள். லினக்ஸில் எக்ஸ்பாக்ஸ் வகை ஜாய்ஸ்டிக்குக்கான 'எக்ஸ்பேட்' டிரைவர் மூலக் கட்டமைப்பிலேயே அடக்கம். செருகினால் தெரியும், அவ்வளவுதான். இன்று கிடைக்கும் எடை குறைந்த லினக்ஸ் ஒன்றைப் போட்டால், பாதுகாப்பு அப்டேட்டும் கிடைக்கும், 2 ஜி.பி. ராம் உள்ள இயந்திரமும் மூச்சு வாங்காமல் நடமாடும். 'சூப்பர் டக்ஸ் கார்ட்' என்ற கார் பந்தய கேம் இலவசம். திரையை இரண்டாகப் பிரித்து அண்ணனும் தம்பியும் ஒரே லேப்டாப்பில் போட்டி போடலாம். கிராஃபிக்ஸை மட்டும் குறைத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

வயர் இல்லாத வம்பு

பழைய கம்ப்யூட்டருக்கு வயர் உள்ள ஜாய்ஸ்டிக்கே நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். வயர் இல்லாததுதான் வேண்டும் என்றால், புளூடூத்தை விட, கூடவே குட்டி ரிசீவர் தரும் மாடலைத் தேர்ந்தெடுங்கள். பழைய மேஜைக் கம்ப்யூட்டரில் புளூடூத் இருக்காது, பழைய லேப்டாப்பில் இருந்தாலும் எக்ஸ்பாக்ஸின் புளூடூத் கன்ட்ரோலர்கள் விண்டோஸ் 10-க்கு முந்தையவற்றோடு ஒத்துப்போவதில்லை.

அந்த ரிசீவரை இரும்புப் பெட்டியின் பின்பக்கம் செருகிவிட்டு, முன்னால் உட்கார்ந்து 'சிக்னல் விட்டு விட்டு வருகிறது' என்றால் வரத்தான் செய்யும். ஒரு யுஎஸ்பி நீட்டிப்பு கேபிள் வாங்கி ரிசீவரை மேஜைமேல் கொண்டுவாருங்கள். யுஎஸ்பி 3 போர்ட்டுக்குப் பக்கத்திலும் வேண்டாம், அது கிளப்பும் இரைச்சல் இந்த ரிசீவர்கள் பேசும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் விழுகிறது. லேப்டாப்பை டி.வி-யில் மாட்டி விளையாடும்போது, பட்டனை அழுத்தி ஒரு கணம் கழித்துத்தான் பேட் சுற்றுகிறது என்றால் குற்றவாளி ஜாய்ஸ்டிக் அல்ல. டி.வி-யின் படச் செட்டிங்கில் 'கேம் மோடு' இருந்தால் போட்டுவிடுங்கள்.

ஸ்டிக் தானாக நகர்ந்தால்

கடைசியாக, தளவாய்புரம் போன்ற ஊருக்கென்றே உள்ள ஒரு தொல்லை. துணி வெட்டும் இடத்தில் பஞ்சுத் தூசி காற்றிலேயே மிதக்கும். ஃபேன் இறக்கையிலும் ஜன்னல் வலையிலும் படிவது ஜாய்ஸ்டிக்கின் ஸ்டிக் ஓரமாகவும் உள்ளே இறங்கும். தொடாமலேயே பேட்ஸ்மேன் ஒரு பக்கமாக நடக்க ஆரம்பிப்பான். ஸ்டிக்குக்கு அடியில் இருப்பது, பழைய ரேடியோவின் வால்யூம் திருகியைப் போன்ற ஒரு சின்ன மின்தடை. தூசி படிந்தாலோ தேய்ந்தாலோ அது தப்புக் கணக்கு சொல்லும்.

முதலில் ஆறு எழுத்து ஜன்னலில் 'செட்டிங்ஸ்' பக்கம் போய் 'கேலிபரேட்' செய்யுங்கள். நடுப்புள்ளி எது, ஓரம் எது என்று ஜாய்ஸ்டிக்குக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுக்கும் வேலை அது. சரியாகாவிட்டால், ஜாய்ஸ்டிக்கைக் கழற்றி வைத்துவிட்டு, ஐசோபுரப்பைல் ஆல்கஹால் இரண்டு சொட்டை ஸ்டிக்கின் அடியில் விட்டு, நாலாபுறமும் சுற்றி, நன்றாகக் காய விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், தையல் மெஷின் எண்ணெயும் வேண்டவே வேண்டாம். அது பஞ்சை இன்னும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கேமில் 'டெட் ஜோன்' என்ற அமைப்பு இருந்தால் கொஞ்சம் கூட்டி வையுங்கள், லேசான நகர்வைக் கேம் கண்டுகொள்ளாது.

அதற்கும் அடங்கவில்லை என்றால் ஸ்டிக்கின் உறுப்பையே மாற்ற வேண்டும். செல்போன் சர்வீஸ் கடையில் சால்டரிங் தெரிந்தவர் இருந்தால் பழையதைப் பெயர்த்துப் புதியதை வைத்துவிடுவார். விலை குறைந்த மாடலுக்கு உறுப்பும் கூலியும் சேர்ந்து புது ஜாய்ஸ்டிக் விலைக்கே வந்துவிடும் என்பதால், கழற்றும் முன்னாலேயே கேட்டுக்கொள்வது நல்லது. விளையாடி முடித்ததும் ஒரு துணிப்பைக்குள் போட்டுக் கட்டி வைத்தால் இந்த வேலையே கொஞ்ச நாளைக்கு வராது. தளவாய்புரத்தில் வெட்டுத் துணிக்கா பஞ்சம்?